அண்ணனின் கைக்கு அளவெடுத்துச் செய்த ஆர்கேட் ஜாய்ஸ்டிக்

கேள்வி: பழைய வீடியோ கேம் கடைகளில் இருந்ததைப் போன்ற ஆர்கேட் ஜாய்ஸ்டிக்கை வீட்டு கன்சோலுக்கு நாமே செய்ய முடியுமா? எங்கே தொடங்குவது, எவ்வளவு செலவாகும்?

முடியும். மும்பை தாராவியில் எங்கள் பத்துக்குப் பத்து அறையில், தரையில் உட்கார்ந்து இதுவரை இரண்டு செய்திருக்கிறேன். முதல் பெட்டி சரியாக அமையவில்லை. இரண்டாவதை என் அண்ணன் இரண்டு வருடமாக மடியில் வைத்து ஆடிக்கொண்டிருக்கிறார். எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். அட்டையில் தொடங்குங்கள். பத்துப் பைசா செலவழிப்பதற்கு முன் ஒரு செருப்புப் பெட்டியை எடுத்து, ஆடப்போகிறவரின் கையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் 90 அடி ரோட்டை ஒட்டிய சந்துகளில் வீடியோ கேம் கடைகள் இருந்தன. ஒரு ரூபாய் நாணயம் போட்டால் ஒரு ஆட்டம். கேப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 அங்கே எப்போதும் கூட்டமாக இருக்கும். மூன்று குத்து, மூன்று உதை, மொத்தம் ஆறு பொத்தான். 1993இல் வந்த கடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் ஆட்டத்தை யாரும் அந்தப் பெயரால் சொன்னதில்லை. அதில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயரை வைத்து எல்லோருக்கும் அது ‘முஸ்தஃபா’தான். அண்ணன் ஒற்றை நாணயத்தில் வெகுதூரம் போவார். நான் பக்கத்தில் நின்று அவர் கையைத்தான் பார்ப்பேன், திரையை அல்ல.

2014இல் வேலை செய்த பட்டறையில் பிரஸ் இயந்திரத்தில் சிக்கி அண்ணனின் இடது கட்டைவிரல் அடியோடு போய்விட்டது. சில வருடங்கள் கழித்து, அவருடைய மகனுக்காக நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல் ஒன்று வீட்டுக்கு வந்தது. அதில் பழைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்டங்களின் தொகுப்பைப் போட்டுக் கொடுத்தோம். அண்ணன் கன்ட்ரோலரை வாங்கினார், இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்தார், பிறகு மகனிடம் கொடுத்துவிட்டு, “நீ ஆடு, நான் பார்க்கிறேன்” என்றார். இன்றைய கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் திசையை இடது கட்டைவிரலிடம் ஒப்படைத்துவிடுகின்றன. அந்த விரல் இல்லாதவர் என்ன செய்வார்?

ஆர்கேட் ஜாய்ஸ்டிக் அப்படியல்ல. அங்கே திசையைச் செலுத்துவது மணிக்கட்டும் முன்கையும். தண்டின் மேல் 35 மில்லிமீட்டர் உருண்டை ஒன்று இருக்கும். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே தண்டை விட்டு, உருண்டையைக் கிண்ணம் தாங்குவது போலத் தாங்கிப் பிடிக்கும் முறை ஒன்று உண்டு. ஜப்பானிய ஆட்டக்காரர்களில் பலர் இப்படித்தான் பிடிக்கிறார்கள். கட்டைவிரலுக்கு அதில் வேலையே இல்லை. இதை ஒரு காணொளியில் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவசரத்தில் முதல் பெட்டியை இணையத்தில் கிடைத்த அளவுகளை வைத்துச் செய்தேன். டைட்டோ நிறுவனத்தின் வியூலிக்ஸ் இயந்திரத்தில் பொத்தான்கள் இருக்கும் வரிசை அது. நல்ல வரிசை, உலகம் முழுவதும் அதைப் பின்பற்றுகிறார்கள். ஆனால் அது இயந்திரத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்காருகிறவர்களுக்கானது. அண்ணன் சம்மணமிட்டு மடியில் வைத்து ஆடுகிறவர், அதிலும் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பிப் பிடிக்கிறவர். அப்படிப் பிடிக்கும்போது முழங்கை உடம்பை விட்டு வெளியே போகிறது. அந்தப் பெட்டியில் தண்டு உட்பக்கமாக இருந்ததால் பத்து நிமிடத்தில் தோள் வலித்தது. அவர் வலி என்று சொல்லவில்லை. கையை உதறிக்கொள்வதைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் முறை அட்டையில் தொடங்கினேன். தண்ணீர் பாட்டில் மூடி ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் அகலம் இருக்கும், ஆர்கேட் பொத்தானின் அளவும் அதுவே. எட்டு மூடிகளைச் சேர்த்து, அண்ணனின் வலது கையை அட்டையில் தளர்வாக வைக்கச் சொல்லி, விரல் நுனி விழுந்த இடங்களில் ஒட்டினேன். இடதுபக்கம் துளையிட்டு ஒரு பென்சிலை நிறுத்தி, அதன் தலையில் களிமண் உருண்டை வைத்தேன். நான்கு நாள் மாலையில் அவர் அதை மடியில் வைத்து, மகன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே கையை அசைத்தார். ஒவ்வொரு நாளும் ஒரு மூடி இடம் மாறியது. கடைசியில் மூடிகளின் மையத்துக்கு மையம் 36 மில்லிமீட்டர் வந்தது. பென்சில் முதல் பெட்டியில் இருந்த இடத்தைவிட 4 சென்டிமீட்டர் இடப்பக்கம் போயிருந்தது.

இனி சாமான். மாஹிமில் ஸ்லோ ரயில் பிடித்து கிராண்ட் ரோட்டில் இறங்கி, கிழக்கே லேமிங்டன் ரோட்டுக்கு நடந்தால் ஒயர், சுவிட்ச், சால்டரிங் சாமான்கள் எல்லாம் கிடைக்கும். நல்ல ஜாய்ஸ்டிக்கும் பொத்தானும் மட்டும் இணையத்தில் வரவழைக்க வேண்டியிருந்தது. நான் இரண்டாம் பெட்டிக்குப் போட்டவை ஜப்பானின் சான்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப் ஜாய்ஸ்டிக்கும் ஓபிஎஸ்எஃப்-30 பொத்தான்களும். முதல் பெட்டியில் மலிவான நகல்களைப் போட்டிருந்தேன். தண்டை இழுத்துவிட்டால் நடுவுக்குத் திரும்பி நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. பணம் குறைவாக இருந்தால் பொத்தானில் மிச்சம் பிடியுங்கள், ஜாய்ஸ்டிக்கில் வேண்டாம்.

மூளையாக வேலை செய்வது ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு பலகை. 2021இல் 4 டாலர் விலையில் அறிமுகமானது. இதற்கென்றே ஜிபி2040-சிஇ என்ற இலவசத் திறமூல மென்பொருள் இருக்கிறது. பிக்கோவில் உள்ள வெள்ளைப் பொத்தானை அழுத்திக்கொண்டே கணினியில் செருகினால் அது பென் டிரைவ் போலத் தெரியும். இறக்கிய கோப்பை அதில் போட்டுவிட்டால் முடிந்தது, நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு ஒயர்: ஒன்று பலகையில் அதற்குரிய முனைக்கு, மற்றது கிரவுண்டுக்கு, அதாவது எல்லாப் பொத்தான்களுக்கும் பொதுவான முனைக்கு. பொத்தானை அழுத்தினால் அந்த முனை கிரவுண்டைத் தொடுகிறது. பலகை அதைப் பார்த்துக் கன்சோலுக்குச் சொல்கிறது. அவ்வளவுதான் தத்துவம்.

கன்சோல் எது என்று நீங்கள் சொல்லவில்லை. ஸ்விட்ச் என்றால் சிக்கல் இல்லை. சோனியின் பிளேஸ்டேஷன் 4 என்றால், சோனியின் அங்கீகாரச் சாவி இல்லாத பலகையை அது 8 நிமிடத்தில் துண்டித்துவிடும், அதற்குத் தனி ஏற்பாடு தேவை. முதல் பெட்டிக்குக் கடையில் கிடைத்த ஒரு மலிவான யூஎஸ்பி பலகையை வாங்கினேன். கணினியில் அருமையாக வேலை செய்தது, எங்கள் ஸ்விட்ச் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. உங்கள் கன்சோலின் பெயரைச் சொல்லி விசாரிக்காமல் எந்தப் பலகையும் வாங்காதீர்கள்.

ஒயர் வேலையில் இரண்டு இடங்களைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

முதலாவது திம்பிள், அதாவது ஒயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும் சிறு தகட்டு உறை. சான்வா பொத்தானின் தகடு 2.8 மில்லிமீட்டர் அகலம். சாதாரண மைக்ரோ சுவிட்சின் தகடு பெரும்பாலும் 4.8. நான் எல்லாவற்றுக்கும் 4.8 வாங்கி வந்துவிட்டேன். செருகியபோது உட்கார்ந்தது போலத்தான் இருந்தது. அண்ணன் ஓங்கி அழுத்துகிறவர். மூன்றாம் சுற்றின் நடுவில் பலமான உதை வேலை செய்யாமல் போனது. பெட்டியைத் திறந்தால் திம்பிள் கழன்று தொங்குகிறது. கிரவுண்ட் ஒயரை ஒரு பொத்தானிலிருந்து அடுத்ததற்கு மாலை கோப்பது போலக் கொண்டுபோவதால், அதில் ஒரு கண்ணி கழன்றால் அதற்கு அப்பால் உள்ள எல்லாமே செத்துவிடும். மாலையின் இரு முனைகளையும் பலகையில் சேர்த்துவிடுங்கள். ஒரு கண்ணி விட்டாலும் மறுபக்கம் வழியாக ஓடும்.

இரண்டாவது திசை. ஜாய்ஸ்டிக்கின் அடியில் தண்டைச் சுற்றி, திசைக்கு ஒன்றாக நான்கு சுவிட்ச் இருக்கும். தண்டு நடுவில் ஒரு அச்சில் ஆடுகிறது. மேலே உருண்டையை முன்னால் தள்ளினால் கீழே உள்ள நுனி பின்னால் போகிறது. ஆகவே ‘மேல்’ திசைக்குரிய சுவிட்ச் ஆடுகிறவரின் பக்கம் இருக்கும், ‘இடது’க்குரியது வலப்பக்கம். பெட்டியைக் கவிழ்த்து வைத்துப் பார்க்கும்போது குழப்பம் இன்னும் கூடும். மின் இணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, ஒரு ஊசியைக் கிரவுண்டிலும் இன்னொன்றைச் சுவிட்சிலும் தொட்டுக்கொண்டு, வீட்டில் ஒருவரைத் தண்டைத் தள்ளச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அண்ணன் மகன் தள்ளினான். “மேலே சித்தப்பா”, “கீழே சித்தப்பா” என்று அவன் சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி எழுதினேன். பிக்கோவில் ஜிபி2 முதல் ஜிபி5 வரை குறியிட்ட முனைகள் மேல், கீழ், வலது, இடது. தப்பாகச் சேர்த்திருந்தாலும் பயமில்லை. ஸ்டார்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே கணினியில் செருகி, உலாவியில் 192.168.7.1 என்ற முகவரிக்குப் போனால் அமைப்புப் பக்கம் திறக்கும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

மரவேலையை எங்கள் தெருவில் இருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் செய்து கொடுத்தார். 40 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம். ஜாய்ஸ்டிக் தொங்குவதற்கு உள்ளே 6 சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும். பக்கங்களுக்கு 12 மில்லிமீட்டர் ப்ளைவுட். நானோ மேற்பலகைக்கும் அதையே கேட்டேன். அண்ணாச்சி ஒரு பொத்தானைக் கையில் வாங்கி, பக்கவாட்டில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகளை அழுத்திப் பார்த்தார். “தம்பி, இந்தக் கொக்கி இவ்வளவு தடிமனுக்கு அப்பால் போய் எப்படிப் பிடிக்கும்?” என்றார். உண்மைதான். செருகும் வகைப் பொத்தான்கள் மெல்லிய தகட்டுக்கானவை. தடித்த பலகை என்றால் திருகும் வகை வேண்டும். கடைசியில் மேலே 3 மில்லிமீட்டர் அக்ரிலிக், அதற்கு அடியில் பொத்தான் இருக்கும் இடங்களை அகலமாக வெட்டி எடுத்த ப்ளைவுட் என்று அவரே முடிவு செய்தார்.

அக்ரிலிக்கில் துளை போடும்போது அடியில் மரக்கட்டை கொடுத்து, மேலே டேப் ஒட்டி, டிரில்லை மெதுவாக ஓட்ட வேண்டும். வேகமாக ஓட்டினால் சூடாகி உருகும், துளை முடியும் தறுவாயில் அழுத்தினால் விளிம்பு பிளந்துவிடும். ஒரு தகட்டைப் பிளந்த பிறகு தெரிந்துகொண்டது இது. பெட்டியின் அடிப்பக்கத்துக்கு இங்கேயுள்ள தோல் பட்டறையிலிருந்து கழிவுத் துண்டு வாங்கி, சொரசொரப்பான பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டினோம். மடியிலிருந்து வழுக்குவது அன்றோடு நின்றது. ரப்பரைவிட இது தேவலை, வேட்டியைக் கவ்விப் பிடிக்கிறது, வியர்ப்பதும் இல்லை.

செலவு: பிக்கோ 400 ரூபாய்க்குள் கிடைத்தது. ஒயர், திம்பிள், திருகு எல்லாம் சேர்ந்து அதே அளவு. அக்ரிலிக்கும் ப்ளைவுட்டும் ஆயிரத்துக்குள். பணத்தை விழுங்கியது ஜாய்ஸ்டிக்கும் பொத்தான்களும்தான், மொத்தத்தில் முக்கால் பங்கு அவற்றுக்கே போனது. அண்ணாச்சி கூலி வாங்க மறுத்துவிட்டார்.

இன்னும் ஒரு தேர்வு இருக்கிறது. ஜேஎல்எஃப் ஜாய்ஸ்டிக்கின் அடியில், தண்டு எதுவரை போகலாம் என்று தடுக்கும் சட்டம் சதுரமாக வரும். எண்கோணச் சட்டம் தனியாக விற்கிறார்கள். புதிதாக ஆடுகிறவர்களுக்கு எண்கோணம் எளிது என்று பலரும் சொல்வதால் அதையும் வாங்கி வைத்திருந்தேன். அண்ணன் இரண்டையும் ஒவ்வொரு வாரம் ஆடிப் பார்த்துவிட்டுச் சதுரத்தையே வைத்துக்கொண்டார். தீப்பந்து வீச, தண்டைக் கீழே இழுத்து, மூலை வழியாக முன்னால் கொண்டுபோய்க் குத்த வேண்டும். சதுரத்தில் அந்த மூலை எங்கே இருக்கிறது என்று கை தானாக அறிந்துகொள்கிறது என்றார். உங்கள் கைக்கு எது சரி என்று நீங்களும் இரண்டையும் ஆடித்தான் சொல்ல முடியும்.

பெட்டி முடிந்த அன்று இரவு அவர் முதலில் ஆட்டத்தைத் தொடங்கவே இல்லை. பயிற்சித் திரையில் நின்று, கீழே, மூலை, முன்னால், குத்து என்று அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். ஏழெட்டு முறை எதுவும் வரவில்லை. பிறகு ஒன்று வந்தது. அடுத்தது வந்தது. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவருகே நின்றார். அண்ணன் இடது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, மறுபடியும் உருண்டையின் அடியில் வைத்தார்.

இப்போது அவர் மகன் தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறான். அட்டையும் பாட்டில் மூடிகளும் எடுத்து வைத்திருக்கிறேன். அவன் கை சின்னது, 36 மில்லிமீட்டர் அவனுக்கு அதிகம். நீங்கள் அட்டையில் அளவெடுத்த பிறகு உங்கள் அளவுகளையும் கன்சோலின் பெயரையும் இங்கே எழுதுங்கள், எந்தப் பொத்தான் எந்த முனைக்கு என்று நான் வரைந்து தருகிறேன்.