வெட்டிக் குறைத்த பயோனெட்

அன்புள்ள ஐயா,

துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியான பயோனெட்டைச் சேகரிப்பவர் நீங்கள் என்பதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது. முதல் உலகப் போரில் பாக்தாத் பிடிபட்ட அன்று என் கொள்ளுத் தாத்தா கையில் இருந்தது என்பார் அப்பா. அலகின் அடியில் கிரீடம், ஜி.ஆர்., 1907, அதன்கீழ் 8 ’17, சாண்டர்சன் என்று பொறித்திருக்கிறது. படங்களில் பார்ப்பவையெல்லாம் நீளமாக இருக்கின்றன. எங்களுடையது சரியாக ஒரு அடி. ரத்தம் வடிவதற்கான பள்ளம் நுனிவரை ஓடி அங்கே அறுந்து நிற்கிறது. உடைந்துபோனதை யாரோ தேய்த்துக் கூராக்கியிருக்க வேண்டும். பட்டறையில் கொடுத்துச் சாணை பிடித்து, நிக்கல் முலாம் பூசிக் கூடத்தில் மாட்டலாம் என்கிறார் மச்சான். செய்யலாமா? அடுத்த மாதம் சென்னை வரும்போது கொண்டுவந்து காட்டட்டுமா? என் தாத்தாவும் ராணுவத்தில் இருந்தவர்தான், பர்மா போய்வந்தவர். ஆனால் வீட்டில் பேச்செல்லாம் கொள்ளுத் தாத்தாவைப் பற்றித்தான்.

ச., வேலூர்

அன்புள்ள ச.,

முதலில் மச்சானைத் தடுத்து நிறுத்துங்கள். சாணை வேண்டாம், முலாம் வேண்டாம், உப்புத்தாள் வேண்டாம். வீட்டுப் பெண்கள் யாராவது நல்லெண்ணத்தில் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம்.

இதை நான் இழந்து கற்றேன். பல வருடங்களுக்கு முன் புதுச்சேரியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பிரெஞ்சு கிரா துப்பாக்கிக்கான 1874 மாதிரி பயோனெட் ஒன்றை வாங்கினேன். பித்தளைக் குமிழ், மரப்பிடி, மெல்லிய நீண்ட அலகு. அந்த வகையில் அலகின் முதுகில் ஆயுதசாலையின் பெயரும், மாதமும், ஆண்டும் கையெழுத்துப் போன்ற சாய்ந்த எழுத்தில் செதுக்கப்பட்டிருக்கும். எனக்கு அப்போது அது தெரியாது. துருவைப் பார்த்ததும் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து தேய்த்தேன். துரு போன பிறகுதான் எழுத்து கண்ணில் பட்டது. ஊர் பிழைத்திருந்தது: செந்த் எத்தியேன். மாதத்தில் கடைசி மூன்று எழுத்துகள் மட்டும் மிச்சம். பிரெஞ்சில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் நான்குமே அதே மூன்று எழுத்தில்தான் முடிகின்றன. ஆண்டு சுத்தமாகப் போய்விட்டது. இன்றும் அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நெஞ்சு வலிக்கிறது.

இனி உங்களுடையது. 1907 என்பது செய்த ஆண்டு அல்ல, அந்த மாதிரி ஏற்கப்பட்ட ஆண்டு. செய்த காலம் அதன்கீழ் இருக்கிறது: 8 ’17, அதாவது 1917 ஆகஸ்ட். சாண்டர்சன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து நிறுவனம். பாக்தாத் பிரிட்டிஷ் இந்தியப் படையிடம் வீழ்ந்தது 1917 மார்ச் 11 அன்று. அன்றைக்கு இந்த அலகு வார்ப்பெஃகாகக்கூட இருந்திருக்காது. உங்கள் அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று யோசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். கொள்ளுத் தாத்தா அங்கே இருந்திருக்கலாம். இந்தக் கத்தி இருக்கவில்லை.

நீளத்துக்கு வருகிறேன். உடைந்ததல்ல, வெட்டியது. பிரிட்டிஷ் ராணுவம் ஷார்ட் மேகசின் லீ என்ஃபீல்டு துப்பாக்கியைக் கொண்டுவந்தபோது அது பழையதைவிட ஏறக்குறைய ஐந்து அங்குலம் குட்டை. எதிரியின் பயோனெட் முந்தி எட்டிவிடுமே என்ற கவலை வந்தது. ஜப்பானியரின் முப்பதாம் வகை பயோனெட்டைப் பார்த்து, 12 அங்குலமாக இருந்த அலகை 17 அங்குலமாக்கினார்கள். துப்பாக்கியில் போன ஐந்தைக் கத்தியில் கூட்டினார்கள். மாட்டி நிமிர்த்தினால் ஐந்தடிக்கும் மேல். பதுங்குகுழியின் முடக்கில் அதைத் திருப்பவே முடியாது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் புதிய துப்பாக்கிக்கு மாறி, எட்டு அங்குல ஆணி போன்ற பயோனெட்டைப் பிடித்துக்கொண்டது. இந்தியப் படை பழைய துப்பாக்கியையே வைத்துக்கொண்டு, கிடங்கில் இருந்த 17 அங்குல அலகுகளை 12 ஆகக் குறைத்தது. அன்று கூட்டிய அதே ஐந்து அங்குலம்! சேகரிப்பவர்கள் இவற்றை ‘இந்தியன் பேட்டர்ன்’ என்பார்கள். முழு நீள அலகில் பள்ளம் நுனிக்கு வெகுமுன்பே முடிந்துவிடும். உங்களுடையதில் அது நுனிவரை ஓடி அறுந்து நிற்பதே வெட்டியதற்கான சாட்சி. அது ரத்தம் வடிவதற்கான பள்ளமும் அல்ல. கட்டடத்து இரும்பு உத்தரத்தில் நடுவை ஒடுக்குவதுபோல, விறைப்புக் குறையாமல் எடையைக் குறைக்கும் வழி அது.

1940-களில் இந்த உருவம் எடுத்த கத்தி 1917-இல் படைக்குப் போனவர் கையிலிருந்து உங்கள் பரணுக்கு வந்திருக்க வழியில்லை. பர்மா போய்வந்தவர் கையிலிருந்து வந்திருக்கலாம். என்னிடம் ஆதாரமில்லை, ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் வந்துபோகிற அந்தத் தாத்தாவின் பக்கம்தான் இந்த இரும்பு கைகாட்டுகிறது. அவருடைய பணிவிடுப்புச் சான்று பெட்டியில் எங்காவது இருக்கும். தேடுங்கள்.

விலையைக் கேட்டால் சொல்ல எனக்கு மனமில்லை, விற்காதீர்கள். சென்னைக்கும் கொண்டுவர வேண்டாம். ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள் ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுகளைப் பட்டியலிடும்போது பயோனெட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. உரிமம் தேவைப்படும் பகுதியா என்று உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

தோல் உறை இருந்தால் கத்தியை அதற்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து அலகை அரிக்கும். பழைய பருத்தித் துணியில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு மெல்லத் துடைத்தால் போதும்.

அலகின் மறுபக்கத்தை இன்னும் நீங்கள் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. அங்கே அரசுச் சொத்தைக் குறிக்கும் அம்பு முத்திரையும், வளைத்துச் சோதித்துத் தேறியதற்கான பெருக்கல் குறியும் இருக்க வேண்டும். ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துகள் எங்காவது தட்டுப்பட்டால் அது கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் உள்ள இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் முத்திரை. காலை வெயில் சாய்வாக விழும்போது ஜன்னலோரம் வைத்துப் படம் எடுங்கள், தேய்ந்த எழுத்தும் எழும்பி நிற்கும். படத்தோடு தாத்தாவின் பெயரையும், தெரிந்தால் படைப்பிரிவையும் எழுதி அனுப்புங்கள்.