பிட்டு மாவும் வெள்ளம் வடிந்த சுவரும்

அன்புள்ள ஐயாவுக்கு,

என் மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்து போனதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினாள். வெள்ளம் வடிந்து ஒரு மாதமாகியும் சுவர்கள் ‘மொய்ஸ்ட்’டாக இருந்தன என்று அதில் ஒரு வரி. ரீச்சர் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு ‘டாம்ப்’ என்று சிவப்பு மையால் எழுதியிருக்கிறார். எங்களிடமுள்ள அகராதியைப் பார்த்தால் வெட், டாம்ப், மொய்ஸ்ட், ஹியூமிட் நான்குக்கும் ‘ஈரமான’ என்றுதான் போட்டிருக்கிறது. எல்லாம் ஈரம்தான் என்றால் மகள் எழுதியதில் என்ன பிழை? எங்களுக்கு விளங்கும்படி சொல்வீர்களா?

ஒரு தாய், கல்முனை

அன்புள்ள தங்கச்சி,

ரீச்சர் திருத்தியது சரிதான். ஆனால் மகளை நான் குறை சொல்லமாட்டேன். நான்கு சொல்லுக்கும் ஒரே பொருளைப் போட்ட அகராதியை நம்பினால் யாருக்கும் இந்தப் பிழை வரும்.

தண்ணீரின் அளவை வைத்தே இந்தச் சொற்களைப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வெட் என்றால் தண்ணீர் கூட, அது உண்மை. தொட்டால் கையில் தண்ணீர் படும், பிழிந்தால் சொட்டும். ஆனால் டாம்ப், மொய்ஸ்ட் இரண்டையும் அளவு பிரிக்காது. அந்த ஈரம் அங்கே இருக்கவேண்டியதா, வேண்டாமல் வந்து தங்கியதா என்று பார்க்கவேண்டும்.

நீங்கள் பிட்டுக்கு மா குழைப்பதை நினைத்துப் பாருங்கள். வறுத்த அரிசிமாவில் சுடுதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கிளறுகிறீர்கள். ஒரு பிடி எடுத்து அமத்தினால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும். அந்தப் பதம் வந்த பிறகுதான் சுண்டால் கொத்தத் தொடங்குவீர்கள். அந்தப் பதம்தான் மொய்ஸ்ட். மாவுக்கு அந்த ஈரம் தேவை, அது இல்லாவிட்டால் பிட்டு தொண்டையில் அடைக்கும். நல்ல கேக்கையும் கத்தரிக் கன்று நடப் பதமாக இருக்கிற மண்ணையும் ஆங்கிலேயர் மொய்ஸ்ட் என்பது இதனால்தான். கண் கலங்கி நிற்பதற்கும் அந்தச் சொல் பொருந்தும். மாவில் தண்ணீர் கூடிக் களியாகிவிட்டால் அது சொகி. தேத்தண்ணியில் தோய்த்துக் கூடநேரம் விட்ட பாணும் சொகிதான்.

இனிச் சுவருக்கு வருவோம். 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பில் எங்கள் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. வடிந்த அன்று தரை வெட். இரண்டு வெயிலில் தரை காய்ந்துவிட்டது. சுவர் காயவில்லை. தண்ணீர் நின்ற மட்டத்துக்கும் மேலே ஒரு சாண் உயரத்துக்கு ஓதம் ஏறி, கறுத்த கோடு ஒன்று வீடு முழுக்கச் சுற்றி ஓடியது. கையை வைத்தால் தண்ணீர் ஒட்டாது, குளிர்ச்சி மட்டும் தெரியும். மாசி மாதமளவில் அந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொருமி உதிர்ந்தது. அந்த ஈரத்தை யாரும் கேட்கவில்லை, போகச் சொல்லியும் போகவில்லை. அதுதான் டாம்ப். கட்டிலுக்குக் கீழே மூடியே கிடந்த உடுப்புப் பெட்டியைத் திறந்தபோது குளிரும் பூஞ்சண நாற்றமும் சேர்ந்து முகத்தில் அடித்ததே, அதற்கு அவர்கள் டாங்க் என்று இன்னொரு சொல் வைத்திருக்கிறார்கள்.

டாம்ப் என்ற சொல்லுக்கு முதலில் ஆவி, வாயு என்றே பொருள். நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பற்றி வெடிக்கும் வாயுவுக்கு ஃபயர்டாம்ப் என்று பெயர். 1815இல் ஹம்ஃப்ரி டேவி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி சுரங்கத் தொழிலாளருக்குக் காப்பு விளக்கு ஒன்றைச் செய்தது அந்த வாயுவுக்குப் பயந்துதான். ஈரம் என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. ஆனாலும் டாம்ப் எப்போதும் கெட்டதல்ல. மேசையைத் துடைக்கப் பிழிந்தெடுத்த துணியையும் டாம்ப் என்றுதான் சொல்வார்கள். இதை மகளிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நான் சொன்ன விதியைப் பிடித்துக்கொண்டு அடுத்த பிழையை விடுவாள்.

இன்னொரு இடத்திலும் அந்த விதி செல்லாது. ‘மொய்ஸ்சர்’ என்று பெயர்ச்சொல்லாக வந்தால் நல்லது கெட்டது என்ற பேச்சே இல்லை, அது அளக்கிற ஈரம். உங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும். மெஷினில் வெட்டிய பச்சை நெல்லைத் தெருவில் பரப்பிக் காயவைத்து, ஒரு மணியைப் பல்லில் கடித்து ‘டக்’ என்று முறிகிறதா என்று பார்ப்பார்கள். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14 சதவீதத்துக்கு மேற்படாத ஈரப்பதன். 18 சதவீதம் இருக்கிற நெல்லும் கைக்குக் காய்ந்த மாதிரித்தான் இருக்கும், அதை யாரும் வெட் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் மொய்ஸ்சர் அதிகம்.

ஹியூமிட் வளிக்கு உரிய சொல். சுவரையும் துணியையும் அப்படிச் சொல்லக்கூடாது. 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் வளி ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும், 20 பாகையில் 17 கிராம் அளவுதான். அதனால்தான் இரவு குளிரும்போது மிச்சம் பனியாக இறங்குகிறது, கொடியில் எடுக்க மறந்த சாரம் விடியும்போது டாம்ப் ஆகிவிடுகிறது. கச்சான் காற்று வீசும் நாட்களில் அதே சாரம் ஒரு மணித்தியாலத்தில் மொரமொரவென்று காய்ந்துவிடும். மழை நாளை அவர்கள் வெட் என்பார்கள், புழுக்கமான நாளை ஹியூமிட் என்பார்கள். புவியியல் பாடத்தில் மகள் படிக்கிற ‘ஈர வலயம்’ அந்த முதல் பொருளில் வந்தது, ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் பிரதேசம். மாரியில் வள்ளம் ஓடுகிற நம் ஊர்கள் உலர் வலயத்தில் இருப்பதும் அந்தக் கணக்கில்தான்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ட்ரெஞ்ச். ‘குடி’ என்பதற்கு அவர்களிடம் ட்ரிங்க், ‘குடிக்கச் செய்’ என்பதற்கு ட்ரெஞ்ச். நம் நனைந்தான், நனைத்தான் மாதிரி ஒரு சோடி. மாட்டின் வாயில் மருந்து ஊற்றுவதற்கு இன்றைக்கும் அந்தச் சொல்லே. மழையில் தெப்பமாக நனைந்து வருகிறவனை அவர்கள் ட்ரெஞ்ச்ட் என்னும்போது, அவன் உடுப்பெல்லாம் மழையைக் குடித்திருக்கிறது என்று எனக்குக் கேட்கிறது. வயல் தண்ணீர் குடித்துவிட்டதா என்று நாமும் கேட்கிறோம்தானே.

ஒரு இடத்தில் மட்டும் இரண்டு மொழியும் எதிரெதிராகப் போகும். நமக்கு ஈரம் என்றால் அன்பும்தான். ‘இன்சொலால் ஈரம் அளைஇ’ என்கிறது குறள். மனத்தில் ஈரமில்லாதவன் என்பதை விடப் பெரிய வசை நம்மிடம் குறைவு. இங்கிலாந்தில் ஒருவனை வெட் என்றால் துணிவில்லாதவன், உறுதியில்லாதவன். 1980களின் தொடக்கத்தில் பிரதமர் மார்கரெட் தாட்சரின் கடுமையான பொருளாதாரக் கொள்கையை எதிர்த்த அவருடைய கட்சிக்காரர்களுக்கே அந்தப் பெயர் விழுந்தது. ‘ஈர நெஞ்சம்’ என்பதை மகள் ஒருநாள் ஆங்கிலத்தில் எழுத நினைத்தால், இந்த நான்கு சொற்களில் ஒன்றையும் தொடவேண்டாம்.

சரி, கட்டுரையில் தரைக்கு வெட், தண்ணீரைக் குடித்து ஊறிப்போன மெத்தைக்கு சோக்ட், சுவருக்கு டாம்ப், மூடிக் கிடந்த அலுமாரிக்கு டாங்க் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் எந்த வாசலால் வந்தது என்பதை அவள் எழுத்தில் வாசிக்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்