மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு கோடிங் தேவையா?

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குப் பள்ளியிலேயே கோடிங் சொல்லித் தருகிறார்களாம். வருடத்துக்கு 6,000 ரூபாய் தனியாகக் கட்டச் சொல்கிறார்கள். இந்த வயதில் இதெல்லாம் வேண்டுமா?

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் 9 வருடமாகக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறேன். கோடிங் என்றால் கம்ப்யூட்டர் செய்ய வேண்டியதைக் கட்டளை கட்டளையாக எழுதிக் கொடுப்பது. அது வேண்டும்தான். ஆனால் அதற்கு 6,000 ரூபாய் ஆகாது.

மூன்றாம் வகுப்புக்கு முதல் பருவம் முழுக்க நான் கம்ப்யூட்டரையே போடுவதில்லை. ஒரு பையன் ரோபோ, ஒரு பிள்ளை கட்டளை சொல்வாள். வாசலிலிருந்து தண்ணீர்ப் பானை வரை அவனைக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். போன வருடம் ஒருத்தி "நேரா போ லே" என்றாள். அவன் பெஞ்சில் முட்டி, முட்டிய இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். "நில்லுல!" "நீ நிக்கச் சொல்லலியே." சரி, இந்தத் தடவை கவனமாக, "நாலு எட்டு வச்சு நில்லு" என்றாள். ரோபோ என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "சார், நாலா, எட்டா?"

அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தை அவனே நடத்திவிட்டான்.

அப்புறம்தான் ஸ்க்ராட்ச் என்கிற கோடிங் மென்பொருள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது, முழுக்க இலவசம். கட்டளைகளைக் கட்டை அடுக்குவதுபோல் அடுக்கினால் திரையில் பூனை நடக்கும். 8 வயதுக்கு மேல்தான் அது சரிப்படும். எங்களிடம் 33 பிள்ளைகளுக்கு ஓடுகிற கம்ப்யூட்டர் 11. சாரல் காலத்தில் கரண்டும் போய்விடும். ஒரு மெஷினுக்கு மூன்று பேர் என்பதால் ஒரே சட்டம்: மௌஸ் பிடிப்பவன் வாயைத் திறக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். இதைப் போட்ட பிறகுதான் பெண் பிள்ளைகள் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி மூன்று பக்கமும் சமமான முக்கோணம் போட உட்கார்ந்தாள். 100 நகர், 60 பாகை திரும்பு, இதை 3 தடவை செய். கோணம் 60 என்று வீட்டில் அக்கா சொல்லியிருக்கிறாள். வாய் பிளந்த மாதிரி ஏதோ வந்தது. மூன்றை ஆறாக்கினாள். "சார், தேன்கூடு வந்துட்டு!" எனக்கு விடையைச் சொல்ல வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். மறுவாரம் தாழ்வாரத்தில் சாக்பீஸால் முக்கோணம் கிழித்து அதன்மேல் நடந்து பார்த்தாள். மூலையில் உடம்பு திரும்புவது வெளிப்பக்கக் கோணம் என்று கால் சொல்லிவிட்டது. "ஒரு சுத்து 360, மூணு முக்கு. அப்போ முக்குக்கு 120."

2020-ன் தேசியக் கல்விக் கொள்கைகூட கோடிங்கை 6-ஆம் வகுப்பில் தொடங்கும் நடுநிலைக் கட்டத்தில்தான் வைத்திருக்கிறது (நம் தமிழ்நாட்டில் அதை ஏற்கவில்லை, அது வேறு பஞ்சாயத்து). ஆகவே உங்கள் பையன் பிந்திவிடுவான் என்று யாராவது பயமுறுத்தினால் கண்டுகொள்ளாதீர்கள்.

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பிள்ளைக்குத் தப்பு வந்தவுடன் சார் மௌஸை வாங்கித் தானே சரிபண்ணிக் கொடுத்தால், எழுந்து வந்துவிடுங்கள்.