வீவக வீடு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால், சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு வாங்குவது, விற்பது பற்றி நண்பர்கள் என்னிடம் கேட்பது வழக்கம். அண்மையில் வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பொங்கோலிலிருந்து ஓர் இளம் தம்பதி: கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பிடிஓ வீட்டுக்கு, அதாவது விண்ணப்பித்த பிறகு வீவக கட்டித் தரும் புது வீட்டுக்கு, காத்திருப்பதா, மறுவிற்பனை வீடு வாங்கிவிடுவதா?

காத்திருக்க முடிந்தால் பிடிஓ. விலை குறைவு, 99 வருடக் குத்தகையும் முழுதாகக் கிடைக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அக்டோபர் 2024 முதல் ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என்று மூன்று வகை. பிளஸ், பிரைம் வீடுகளை 10 வருடம் குடியிருந்த பிறகுதான் விற்கலாம். முழு வீட்டையும் வாடகைக்கு விட எப்போதுமே அனுமதி கிடையாது. அதனால் பத்து வருடம் எந்த வட்டாரத்தில் வாழ ஆசையோ, அங்கே விண்ணப்பியுங்கள்.

தெம்பனிஸிலிருந்து ஒரு வாசகி: இருபது வருடம் இருந்த வீட்டை விற்கிறோம். வீட்டுக்காக மசேநியிலிருந்து (மத்திய சேமநிதி, சம்பளத்தில் பிடிக்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு) எடுத்த பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்கிறார் முகவர். என் பணத்துக்கு நானே ஏன் வட்டி கட்ட வேண்டும், அண்ணா?

அந்த வட்டி வேறு யாருக்கும் போவதில்லை அம்மா, உங்கள் மசேநி கணக்குக்கே திரும்புகிறது. வீட்டுக்கு எடுக்காமல் சாதாரணக் கணக்கிலேயே விட்டிருந்தால் வருடத்துக்கு 2.5 விழுக்காடு வட்டி சேர்ந்திருக்கும். அந்தத் தொகையையும் சேர்த்து வை என்கிறது சட்டம். முதுமைக்கு என்று ஒதுக்கிய பணம் அது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 10,000 வெள்ளி வீதம் இருபது வருடத்தில் 200,000 எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டியோடு அது சுமார் 255,000. வீடு 500,000-க்குப் போகிறது, கடன் பாக்கி 60,000. இரண்டையும் கழித்தால் கையில் வருவது 185,000. முகவர் செலவு, வக்கீல் செலவு தனி. 255,000 வெள்ளியை அடுத்த வீட்டுக்குத் திரும்பவும் பயன்படுத்தலாம். ஆனால் காரோ கல்யாணச் செலவோ அதில் செய்ய முடியாது.

விற்ற விலையை மனதில் வைத்துக்கொண்டு கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) பார்க்கப் போனவர்கள் எத்தனையோ பேர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இந்தக் கணக்கில் முகம் வாடியிருக்கிறார்கள். விற்க ஒப்புக்கொள்வதற்கு முன்பே மசேநி இணையப்பக்கத்தில் சிங்பாஸ் (அரசின் இணைய அடையாளம்) போட்டு உள்ளே போய், எவ்வளவு திருப்ப வேண்டும் என்று பார்த்துவிடுங்கள். இன்னொரு விஷயம். சந்தை விலைக்கு விற்றும் மசேநி தொகை முழுதாக வரவில்லை என்றால், மீதியைக் கையிலிருந்து கட்டச் சொல்ல மாட்டார்கள்.

ஈசூனிலிருந்து ஒருவர்: சீனக் குடும்பம் ஒன்று நல்ல விலை கேட்டது. இன விகிதம் நிரம்பிவிட்டதால் விற்க முடியவில்லை. இந்தியனாகப் பிறந்ததற்கு அபராதமா?

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு புளோக்கிலும் (அடுக்குமாடிக் கட்டடம்) பேட்டையிலும் ஒவ்வோர் இனத்தாரும் இத்தனை விழுக்காடு வரைதான் இருக்கலாம் என்பது வீவக விதி. உங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருக்கும். அப்படியானால் சீனரல்லாத உரிமையாளர் சீனருக்கு விற்க முடியாது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் சீனர் என்பதால் உங்களுக்கு மிஞ்சுவது சின்னச் சந்தை. விலையும் இறங்கும், நாளும் இழுக்கும்.

இந்தக் கொள்கை 1989-ல் வந்தது. தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன். மலாய்க்காரர்கள் பிடோக்கிலும் தெம்பனிஸிலும், இந்தியர்கள் உங்கள் ஈசூனிலும் திரள ஆரம்பித்திருந்தார்கள். 1964 இனக் கலவரங்களைப் பார்த்த தலைமுறை அதைக் கண்டு பயந்தது. இந்தியர், மற்றவர்களுக்கான வரம்பு இப்போது பேட்டைக்கு 12 விழுக்காடு, புளோக்குக்கு 15.

கொள்கை வேண்டும் என்பதே என் கருத்து. மின்தூக்கியில் தினமும் எல்லா இனத்தவரையும் பார்த்து வளரும் பிள்ளைக்கு அது பெரிய சொத்து. ஆனால் எல்லாருக்கும் கிடைக்கும் நன்மைக்கான செலவைச் சிறுபான்மை விற்பனையாளர் மட்டும் சுமப்பது சரியில்லை. 2022-ல் அரசு ஒரு வழி திறந்தது: நீண்ட காலம் சொந்தமாக வைத்திருந்து, உண்மையாகவே முயன்றும் விற்க முடியாதவர்களிடமிருந்து வீவகவே வீட்டை வாங்கிக்கொள்ளப் பரிசீலிக்கும். விளம்பரம் போட்டது, வந்து பார்த்தவர்கள் விவரம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், அப்புறம் வீவக கிளைக்குப் போங்கள்.

குவீன்ஸ்டவுனிலிருந்து ஒருவர்: 1974-ல் குத்தகை தொடங்கிய வீடு. பேரப்பிள்ளைகளுக்கு இது சொத்தாகுமா?

உங்கள் குத்தகை 2073-ல் முடிகிறது. அதன் பிறகு வீடு வீவகவுக்கே திரும்பும். குத்தகை குறையக் குறைய வாங்க ஆள் குறையும். வாங்குகிறவர்களில் வயதில் இளையவருக்கு 95 வயது வரை குத்தகை தாங்கினால்தான் மசேநியை முழு அளவுக்குப் பயன்படுத்த முடியும் என்ற விதி 2019-ல் வந்தது. முப்பது வயதுக்காரர் உங்கள் வீட்டை வாங்க வந்தால் கைப்பணம் நிறைய வேண்டியிருக்கும். செர்ஸ் என்ற அரசுத் திட்டத்தில் பழைய வீட்டை எடுத்துக்கொண்டு புது வீடு தருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். எல்லா வீட்டுக்கும் அது வராது என்று 2017-லேயே, அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங் வெளிப்படையாக எழுதிவிட்டார்.

ஜூரோங்கிலிருந்து ஒரு தம்பி: 2024 ஆகஸ்டில் வீவக கடன் வரம்பை வீட்டு விலையில் 80-லிருந்து 75 விழுக்காடாகக் குறைத்தார்கள். எங்களை மாதிரிச் சின்ன சம்பளக்காரர்களை ஏன் நெருக்குகிறார்கள்?

வலிக்கும்தான். ஆனால் இங்கே மக்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் வீவக வீட்டில்தான் இருக்கிறார்கள், சாதாரணக் குடும்பத்தின் சொத்தில் பெரும்பங்கும் வீடுதான். தாராளமாகக் கடன் கொடுத்தால் முதலில் ஏறுவது வீட்டு விலை. பொருளாதாரம் சரியும்போது அடி நேராக வீட்டுக்குள் விழும். 1985-ல் மந்தம் வந்தது; 1986-ல் முதலாளி கட்டும் மசேநி சந்தாவைச் சம்பளத்தில் 25 விழுக்காட்டிலிருந்து 10-க்கு வெட்டினார்கள். மசேநியிலிருந்தே மாதத் தவணை கட்டியவர்கள் திடீரென்று கைப்பணம் தேட வேண்டியதாயிற்று. 1997 நெருக்கடிக்குப் பிறகு விலையும் விழுந்தது. மாதச் சம்பளத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் தவணைக்குப் போகக்கூடாது என்ற விதியை வங்கிக்காரனாக நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

சென்னையிலிருந்து ஒருவர்: சிங்கப்பூர் செய்ததை நாங்கள் ஏன் செய்ய முடியவில்லை?

நிலம். 1966-ல் வந்த நில எடுப்புச் சட்டம் அரசுக்குப் பெரிய அதிகாரம் கொடுத்தது, நிலம் இழந்தவர்களுக்கு நெடுங்காலம் சந்தை விலை கிடைக்கவில்லை. இன்று தீவின் நிலத்தில் சுமார் 90 விழுக்காடு அரசிடம். இது இல்லாமல் வீவக இல்லை. அதை இந்தியாவில் அப்படியே செய்யவும் முடியாது, செய்யவும் கூடாது.

ஆனால் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். 1961-ல் சிங்கப்பூரில் புக்கிட் ஹோ சுவீ கம்பம் (குடிசைக் கிராமம்) எரிந்து ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். அதே இடத்தில் அடுக்குமாடிகள் எழும்பின. சென்னையில் 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியமும் ஆரம்பத்தில் நொச்சிக்குப்பம் மாதிரி இருந்த இடத்திலேயே கட்டியது. பிறகு கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண்ணுக்குப் பெரும்பாக்கத்தில் கான்கிரீட் வீடு கிடைத்தது, வேலை தூரமாகிவிட்டது. பேருந்துக்குப் போகும் பணமும் நேரமும், பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளையும் சதுர அடிக் கணக்கில் வருவதில்லை.

அங் மோ கியோவிலிருந்து ஒருவர்: அம்மாவுக்கு 72 வயது, நான்கறை வீட்டில் தனியாக இருக்கிறார். விற்றுவிட்டு எங்களோடு செங்காங் வரச் சொல்கிறோம். மறுக்கிறார். கையில் பணமும் இல்லை.

அம்மாவின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் யாரோடு உட்காருகிறார், எந்தக் கடையில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், மருந்தகத்துக்கு நடந்தே போகிறாரா? செங்காங்கில் பகல் முழுக்க உங்கள் வீடு காலியாக இருக்கும். இங்கே அவர் ஒரு நாள் கீழே வராவிட்டால் கதவைத் தட்ட ஆள் இருக்கிறது.

பணத்துக்கு வழி உண்டு. ஓர் அறையை வாடகைக்கு விடலாம். இல்லையென்றால் குத்தகைத் திரும்பப்பெறும் திட்டம். 65 வயதானவர், தனக்கு வேண்டிய வருடங்களை வைத்துக்கொண்டு மீதிக் குத்தகையை வீவகவுக்கே விற்கலாம். அந்தப் பணம் மசேநி ஓய்வுக் கணக்கில் சேர்ந்து மாதாமாதம் கைக்கு வரும். அம்மா அதே வீட்டில் இருப்பார். ஆனால் வீடு உங்களுக்கு மிஞ்சுவது குறையும், பிறகு வெளிச்சந்தையில் விற்கவும் முடியாது. அண்ணன் தம்பிகள் எல்லாரும் முதலில் உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள். அப்புறம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீவக கிளையில் நாள் குறித்துப் போங்கள். கேள்விகளை அவரே கேட்கட்டும்.