காயத் தையல் பழகக் குறைந்த செலவில் மாதிரி செய்வது எப்படி?

கேள்வி: தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு படிக்கிறேன். சில மாதங்களில் பயிற்சி மருத்துவராகச் சேர வேண்டும். இணையத்தில் வாங்கிய சிலிக்கான் தையல் அட்டை பத்துத் தையலுக்குள் கிழிந்துவிட்டது. விடுதி அறையிலேயே ஐந்நூறு ரூபாய்க்குள் ஏதேனும் செய்து பழக முடியுமா? கோழித்தோலே போதும் என்று சீனியர்கள் சொல்வது சரியா?

பதில்: முடியும். ஆனால் எந்தப் பொருளில் செய்வது என்று யோசிப்பதற்கு முன், அந்த மாதிரி உங்கள் கையின் எந்தத் தவறைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் அட்டைகள் பலவும் பார்வைக்குத் தோலாகவே இருக்கும். ஆனால் அவற்றில் காயத்தின் இரு விளிம்புகளும் முன்பே ஒட்டினாற்போல் கிடப்பதால், தளர்ந்த முடிச்சுகூட நல்ல முடிச்சாகவே தெரியும். அப்படிப்பட்ட அட்டையில் நூறு தையல் போட்டவரைவிட, சாய்வாக நுழைந்த ஊசியையும் நழுவிய முடிச்சையும் உடனே காட்டிவிடும் ஒரு மலிவான மாதிரியில் இருபது தையல் போட்டவர் நன்றாகத் தைப்பார் என்பது என் உறுதியான எண்ணம்.

விலை குறைந்தால் பயனும் குறையும் என்று தயங்க வேண்டாம். சிறுநீர்க்குழாயில் உள்நோக்கியைச் செலுத்திக் கல்லை எடுக்கும் பயிற்சி குறித்து, கனடாவின் டொராண்டோவில் நடந்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. அதில் 40 மருத்துவ மாணவர்களில் ஒரு பிரிவினர் 3,700 கனடிய டாலர் செலவான மாதிரியிலும், இன்னொரு பிரிவினர் ரப்பர் வடிகுழாய், கவிழ்த்த கோப்பை, இரண்டு உறிஞ்சுகுழல்கள் ஆகியவற்றைக் கொண்டு 20 டாலரில் செய்த மாதிரியிலும் பழகினார்கள். மூன்றாம் பிரிவினருக்கு விரிவுரை மட்டுமே. இருபது டாலர் மாதிரியில் பழகியவர்கள் மற்றதில் பழகியவர்களுக்குச் சளைக்கவில்லை. விரிவுரை மட்டும் கேட்டவர்கள்தான் பின்தங்கினார்கள். நம் நாட்டின் பண்டைய அறுவை மருத்துவர் சுஸ்ருதர், கெட்டித் துணியின் ஓரங்களிலும் மெல்லிய தோலின் ஓரங்களிலும் தைத்துப் பழகும்படி மாணவர்களுக்குச் சொல்லி வைத்ததும் இதே நம்பிக்கையில்தான்.

இனி உங்கள் அட்டைக்கு வருவோம். அது கிழிந்ததற்குக் காரணம், வெறும் சிலிக்கானுக்கு உள்ளே நார் இல்லாதது. நம் தோலின் உள்ளடுக்கில் நார்கள் பின்னிக் கிடப்பதால்தான் அது நூலின் இழுப்பைத் தாங்குகிறது. அந்த நார்ப்பின்னலின் வேலையை ஒரு துண்டுக் கொசுவலை செய்துவிடும். ஹார்டுவேர் கடையில் கண்ணாடி ஒட்ட விற்கும் சிலிக்கான் சீலன்ட் குழல் ஒன்று (பெரும்பாலும் 280 மில்லி), கார்ன்பிளவர் என்று மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை மாவு, பழைய கொசுவலை, சோபா தைப்பவரிடம் கழிவாகக் கிடக்கும் ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள ஸ்பாஞ்சு ஆகியவை போதும். சீலன்ட்டில் வினிகர் நெடி அடிக்கும் வகையை வாங்குங்கள். அது காற்றின் ஈரத்தை வாங்கி இறுகக்கூடியது. கனமாகப் பூசினால் மேற்பரப்பு மட்டும் இறுகி உள்ளே பல நாள் பிசுபிசுப்பாகவே இருக்கும். மாவு தன்னிலுள்ள சிறிதளவு ஈரத்தை உள்ளேயும் கொண்டு சேர்ப்பதால் முழுக் கனமும் ஒரே சீராக இறுகுகிறது.

சன்னலைத் திறந்து வைத்து, கையுறை அணிந்துகொண்டு, ஐந்து பங்கு சீலன்ட்டுக்கு ஒரு பங்கு மாவு சேர்த்துப் பிசையுங்கள். மாவு கூடினால் விரைவில் இறுகும். அட்டையும் விறைத்துப்போகும் என்பதால் முதலில் ஓர் எலுமிச்சை அளவு பிசைந்து பார்த்துவிடுவது நல்லது. பாலித்தீன் தாளில் சிலிக்கான் ஒட்டாது. ஆகவே இரண்டு பாலித்தீன் தாள்களுக்கு நடுவே உருண்டையை வைத்து, இரு பக்கமும் ஐஸ் குச்சிகளைக் கிடத்தி, சப்பாத்திக் கட்டையின் முனைகள் அவற்றின்மீது உருளும்படி தேய்த்தால், குச்சியின் கனத்திலேயே சீரான தகடு கிடைக்கும். மேல்தாளை உரித்து, கொசுவலையைச் சுருக்கமில்லாமல் பதித்து, அதன்மீது இன்னொரு மெல்லிய அடுக்கைப் பரப்புங்கள். மறுநாள் இந்தத் தகட்டின் அடியில் சிறிது சீலன்ட்டைத் தடவி ஸ்பாஞ்சை ஒட்டிவிட்டால், தோலும் அதன்கீழ் கொழுப்பும் உள்ள அட்டை தயார். 15 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டுக்குச் சுமார் 45 மில்லிதான் செலவாகும். ஒரு குழலில் ஐந்தாறு அட்டைகள் வரும்.

அட்டையைத் தட்டையான மேசையில் வைத்துத் தைக்காதீர்கள். நான்கு அங்குல பிவிசி குழாயில் ஒரு சாண் நீளத் துண்டை நெடுக்கில் பாதியாகப் பிளந்து, அதன் முதுகின்மேல் அட்டையை வளைத்துப் போட்டு, ஓரங்களைக் காகிதக் கிளிப்புகளால் இறுக்கிவிடுங்கள். பிறகு குழாயின் நீளவாக்கில் பிளேடால் கீறினால் காயம் தானாக வாய் திறக்கும். மருத்துவமனையில் முழங்காலிலும் நெற்றியிலும் நீங்கள் பார்க்கப்போவது இந்த இழுப்பைத்தான். முடிச்சின் முதல் சுற்றை ஒற்றையாகப் போட்டு இரண்டாவது சுற்றுக்கு நூலை எடுப்பதற்குள் விளிம்புகள் விலகுவதை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம். முதல் சுற்றை ஏன் இரட்டையாகப் போடச் சொல்கிறார்கள் என்பது அப்போது கைக்கே புரிந்துவிடும். இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட்டுக் காலையில் எத்தனை முடிச்சுகள் தளர்ந்திருக்கின்றன என்று எண்ணுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. என்னிடம் படிப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் செய்து காட்டுவேன். தைத்து முடித்த பிறகு நூலை எடுக்காமல், காயத்துக்குக் குறுக்கே ஒரு தையலை ஒட்டி அட்டையை வெட்டிப் பாருங்கள். ஊசி போன தடம் பக்கவாட்டில் தெரியும். விளிம்பிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் தள்ளி நேர்க்குத்தாக இறங்கி, அடியில் மேற்புறத்தைவிடச் சற்று அகன்று, குடுவை வடிவில் மறுபக்கம் அதே தூரத்தில் ஏறியிருந்தால் விளிம்புகள் லேசாக மேல்நோக்கி மலர்ந்து சேரும். பலருடைய தடம் ஆழமில்லாத கிண்ணம்போல் இருக்கும். அந்த இடத்தில் தோலின் விளிம்பு உள்ளே மடங்கிக் கிடக்கும். ஊசியின் நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடிக்காததும், மணிக்கட்டைத் திருப்பாமல் ஊசியை நேராகத் தள்ளியதுமே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

உங்கள் சீனியர்கள் சொன்ன கோழித்தோல் நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. தோலோடு வெட்டித் தரச் சொன்ன கோழித் தொடையில் தோல், கொழுப்பு, தசை என்று அடுக்குகள் இருப்பதால் ஆழத்தை உணரலாம். நூல் வெளியே தெரியாமல் தோலின் உள்ளடுக்கில் போடும் உள்தோல் தையலும் பழகலாம். ஆனால் அது மனிதத் தோலைவிட மிக மெல்லியது. முடிச்சை இறுக்கினால் உடனே கிழியும் என்பதால் இழுப்பைத் தாங்கும் முடிச்சு அதில் பழக்கமாகாது. தீய்த்த ஆட்டுக்கால் இதற்கு நேர்மாறாகக் கடினமானது. பன்றித்தோல் கிடைக்குமானால் அதுவே மனிதத் தோலுக்கு மிக நெருக்கமானது. எந்த இறைச்சியானாலும் கையுறை அவசியம். அதில் பயன்படுத்திய கருவிகள் நோயாளி பக்கமே போகக் கூடாது. கெடாமலிருக்க ஃபார்மலினில் ஊறவைக்கும் வழக்கத்தை நான் ஏற்கமாட்டேன்: விடுதி அறையில் அந்த ஆவியைச் சுவாசிப்பது ஆபத்து, தோலும் கட்டையாகிவிடும்.

கை மென்மையாக வேண்டுமானால் வாழைப்பழத் தோலுக்கு ஈடில்லை. தடித்த தோலுள்ள பழத்தில் ஒரு கீறலைத் தைத்துவிட்டு அரைமணி நேரம் காத்திருங்கள். இடுக்கியின் பல் எங்கெல்லாம் அழுத்தமாகப் பதிந்ததோ அங்கெல்லாம் பழுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தோன்றும். விளிம்பை நசுக்காமல், உட்பக்கத்தை மெதுவாகத் தூக்கிப் பிடித்தவரின் தோலில் அவை அநேகமாக இருக்காது.

நூலுக்கு, அறுவை அரங்கின் பொறுப்புச் செவிலியரிடம் முறையாக அனுமதி பெற்றுக் காலாவதியான, பிரிக்கப்படாத பாக்கெட்டுகளைக் கேளுங்கள். நோயாளிக்குப் பயன்படுத்தியதில் மீந்ததைத் தொடவே வேண்டாம். அது கிடைக்காவிட்டால், மீன் பிடிக்கும் மெல்லிய தங்கூசி நரம்பு நைலான் நூலைப் போலவே சுருண்டு நிமிர்ந்து அடம்பிடிப்பதால் முடிச்சுப் பழக ஏற்றது; பட்டுநூலுக்கு மூன்று சுற்று போதுமென்றால் இதற்கு நான்கைந்து வேண்டியிருக்கும். ஊசி பிடிப்பானையும் பல்லுள்ள இடுக்கியையும் மட்டும் சர்ஜிக்கல் கடையில் வாங்கிவிடுங்கள். இவற்றின் விலை உங்கள் ஐந்நூறுக்கு வெளியே போகலாம். ஆனாலும் கைக்குப் பழக வேண்டியது அந்தப் பிடிதான் என்பதால் இதற்கு மாற்றுத் தேடாதீர்கள். உடைந்த, மழுங்கிய ஊசிகளை மூடியுள்ள கெட்டியான டப்பாவில் சேர்த்து, மருத்துவமனையில் கூர்பொருள்களுக்கென உள்ள வெள்ளைக் கொள்கலனில் போடுங்கள்; விடுதிக் குப்பையில் கையை விடுகிறவர் வேறொருவர்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து ஆறு அட்டைகளையும் தைத்துத் தீர்த்துவிட வேண்டாம். நுண்ணோக்கியின் உதவியோடு செய்யும் நுண்ணறுவைத் தையலில் 38 இளநிலைப் பயிற்சி மருத்துவர்களைக் கொண்டு 2006-இல் வெளியான இன்னொரு டொராண்டோ ஆய்வில், நான்கு பாடங்களையும் ஒரே நாளில் முடித்தவர்களைவிட, வாரம் ஒன்றாகப் படித்தவர்கள் ஒரு மாதம் கழித்து நடந்த சோதனையில் நன்றாகச் செய்தார்கள். உங்களுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அன்றாடம் இருபது நிமிடம், ஒரு கீறல், ஐந்தாறு தையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளிவிட்டு அடுத்தடுத்துக் கீறலாம். வாரம் ஒருமுறை குறுக்கே வெட்டிய துண்டில் தேதி எழுதி எடுத்து வையுங்கள். உங்கள் அறுவைத் துறை ஆசிரியரிடம் காட்டும்போது, அந்தத் துண்டுகளை வரிசையாக அவர்முன் வையுங்கள்.