பத்தாவது நகர்த்தலிலேயே செக்மேட்: மகளின் தொடக்கத்தை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். பத்து வயதுக்கு உட்பட்டோர் செஸ் போட்டியில் உங்கள் மகள் தோற்ற அந்த ஆட்டத்தில் தொடக்கத்தின் மேல் பழியில்லை. கோளாறு ஐந்தாவது நகர்த்தலில்தான்.

கருப்புக் காய்களுடன் அவள் ஆடியது ‘இரு குதிரைத் தற்காப்பு’ என்ற தொடக்கம். வெள்ளைக் குதிரை ஜி5 கட்டத்துக்குப் பாய்ந்து, சி4-இல் நின்ற பிஷப்போடு சேர்ந்து எஃப்7 சிப்பாயைக் குறிவைத்தது. அவளும் சரியாகவே டி5-க்குச் சிப்பாயைத் தள்ளி பிஷப்பை மறித்தாள். வெள்ளை அதை வெட்டியது. அவள் குதிரையால் திருப்பி வெட்டினாள். சிறுவர் போட்டிகளில் இந்த இடத்தில் நின்று யோசிக்கும் குழந்தை அபூர்வம். கை தானாகப் போய்விடும்.

எதிராளி காத்திருந்ததும் அதற்குத்தான். எஃப்7-இல் குதிரையைப் பலிகொடுத்து ராஜாவை வெளியே இழுத்தான். எஃப்3-இலிருந்து ராணி செக். இங்கே ராஜா ஈ6-க்கு ஏறி டி5 குதிரையைக் காத்தாக வேண்டும். நடுப்பலகையில் ராஜாவை நிறுத்த எந்தக் குழந்தைக்கு மனம் வரும்? அவள் ஜி8-க்குப் பின்வாங்கினாள். பிஷப் டி5 குதிரையை வெட்டி செக் வைத்தது. எஃப்8-இல் சொந்த பிஷப், எச்8-இல் சொந்த யானை. ராஜா எங்கே ஓடுவது? ‘ஃபிரைட் லிவர்’ எனப்படும் இந்தத் தாக்குதல், இத்தாலியரான பொலேரியோ 1610 வாக்கில் ஆடிய ஆட்டத்திலேயே இருக்கிறது.

மருந்து எளிது. ஐந்தாவது நகர்த்தலில் திருப்பி வெட்டாமல், சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பைத் தாக்கச் சொல்லுங்கள். பிஷப் பி5-இல் செக் வைக்கும். சி6-க்குச் சிப்பாயைத் தள்ளலாம். வெள்ளை வெட்ட, பி சிப்பாயால் திருப்பி வெட்டினால் பிஷப் மறுபடி ஓட வேண்டும். அடுத்து எச்6-க்கு நகரும் அவளுடைய சிப்பாய் குதிரையைத் துரத்தும், ஈ4-க்கு நகரும் சிப்பாய் இன்னொரு முறை துரத்தும். ஒரு சிப்பாய் குறைவுதான். ஆனால் விரட்டுவது இப்போது அவள்.

வெள்ளையின் ஜி5 பாய்ச்சலைக் கற்றுக்குட்டி நகர்த்தல் என்று ஜெர்மன் செஸ் மேதை தாராஷ் ஏளனம் செய்தார். அதை முழுதாக நம்பிவிடாதீர்கள்; உலக சாம்பியன்களான ஸ்டைனிட்ஸும் ஃபிஷரும் விரும்பி ஆடியிருக்கிறார்கள்.

சிப்பாயை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை என்றால், மூன்றாவது நகர்த்தலில் குதிரைக்குப் பதில் பிஷப்பை சி5-க்குக் கொண்டுவரட்டும். அப்போது ஜி5-க்கு வரும் குதிரையை டி8-இல் இருக்கும் ராணியே இலவசமாக வெட்டிக்கொள்ளும்.