காளை எங்கே? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் இரண்டே நாளில் பார்த்தோம். போனில் அறுநூறு படம். வீட்டுக்கு வந்து பார்த்தால் எந்தத் தூண் எந்தக் கோயில் என்றே தெரியவில்லை. பெரிய கோயிலில் ஒரு வழிகாட்டி, கோபுர நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல் என்றார். அரண்மனைக் கலைக்கூடத்தில் என் பத்து வயது மகள் ஒரு சிலையைக் காட்டி, "இந்தச் சாமி ஏம்ப்பா காத்துல கை வச்சிட்டு நிக்குது?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த இடங்களை எப்படித்தான் பார்ப்பது?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் பார்த்தது ரிஷபவாகன தேவர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன். சாய்ந்து நிற்க அவருக்கு ஒரு காளை இருந்தது. இப்போது இல்லை. சீர்காழிக்குப் பக்கத்தில் திருவெண்காட்டுக் கோயில் மண்ணுக்குள் புதைந்து கிடந்த செப்புத்திருமேனிகள் 1950களில் கிடைத்தன. சாமி வந்தார், அம்மன் வந்தார், காளை வரவில்லை. ஆனால் அந்தக் கையைப் பாருங்கள். மாட்டின் முதுகில் முழங்கையைச் சாய்த்து, ஒரு காலை மறுகாலுக்குக் குறுக்கே போட்டு, வேலை முடித்த ஆள் களத்தில் நிற்கிற மாதிரி நிற்கிறார். பாம்புகளைச் சுற்றித் தலைப்பாகை கட்டியது போல் சடைமுடி. மாடு எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று அந்த முழங்கையை வைத்தே சொல்லிவிடலாம்.

செப்புத்திருமேனிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டு கிடையாது. பாணியை வைத்துக் கணிப்பார்கள். இவருக்கு உண்டு. இவரை எழுந்தருளுவித்த செய்தி திருவெண்காட்டுக் கோயில் சுவரிலேயே ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011இல், வெட்டப்பட்டிருக்கிறது. அம்மன் அதற்கு அடுத்த வருஷம். சிலை தஞ்சாவூரில், அதன் பிறப்புச் சான்றிதழ் திருவெண்காட்டில்!

படித்துவிட்டுப் போக வேண்டுமா என்றால், புத்தகத்தை விடச் சுவரைப் படியுங்கள் என்பேன். உங்களுக்குத் தமிழ் தெரியும். பெரிய கோயில் விமானத்தின், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தின், அடித்தளத்தைச் சுற்றிக் கண்ணுக்கு எதிரே ஓடுவதும் தமிழ்தான். நாம் அதில் முதுகைச் சாய்த்து நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். நானும் எடுத்திருக்கிறேன்.

அந்த எழுத்து பார்க்கத்தான் மிரட்டும். ட, ப இரண்டும் இன்றைக்கு எழுதுவது போலவேதான் இருக்கும். க ஏறக்குறைய சிலுவைக்குறி. மெய்க்குப் புள்ளி கிடையாது, எகர ஏகார வேறுபாடு கிடையாது, ரகரமும் துணைக்காலும் ஒன்று போலவே இருக்கும். ஊடே வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்து வரும். முதல் நாள் இரண்டு மணி நேரம் நின்று நான் தேறியது ஒரே ஒரு சொல்: 'குடுத்த'. வடபுறத்தில் தொடங்கும் கல்வெட்டில் ராஜராஜன், "நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொல்கிறான். 'கொடுத்தன' இல்லை, 'குடுத்தன'. பள்ளிக்கூடத்தில் நான் அப்படி எழுதியதற்கு வாத்தியார் சிவப்பு மையில் சுழித்திருக்கிறார். அன்றைக்கு வெயிலில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கும் நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்று பெயர். வெவ்வேறு ஊர்த் தளிகளிலிருந்து, அதாவது கோயில்களிலிருந்து, வரவழைத்த தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல் மகளிர்) 400 பேர்; எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு, அவள் பெயர் என்ன என்று வரிசையாகப் போகிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். இவ்வளவு கணக்கு எழுதி வைத்தவனின் கோயிலில் நின்றுகொண்டு நிழல் விழாத கதையைக் கேட்பானேன்?

ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெரிய கோயில் கல்வெட்டுகள் இன்றைய எழுத்திலும் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அதில் உள்ளன. ஒரு பக்கத்தைப் போனில் வைத்துக்கொண்டு கல்லோடு ஒப்பிடுங்கள். மூன்று கோயில் வேண்டாம், ஒரு சுவர் போதும். மகளையும் கூட்டிப் போங்கள், பிள்ளைகளுக்கு இது குறுக்கெழுத்துப் புதிர் மாதிரி.

உச்சிக் கல் ஒற்றைக் கல் இல்லை, பல துண்டுகளைச் சேர்த்தது. நிழல் விஷயத்துக்கு நான் எதற்கு? சாயங்காலம் நாலு மணிக்கு விமானத்துக்குக் கிழக்கே போய் நில்லுங்கள். வெயிலுக்கு இதமாக இருக்கும்.